கல்யாண கேசட்டைக் காப்பாற்றுவோம்



உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். பிறப்புப் பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் கிடக்கும் இடத்தில், பழைய புகைப்பட ஆல்பத்துக்குக் கீழே, கறுப்பு நிறத்தில் ஒரு வீடியோ கேசட் இருக்கிறதா? அதன் முதுகில் 'அக்காள் திருமணம்' என்றோ, 'தோட்டத்துத் தீமிதி' என்றோ பேனாவால் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். அதைக் கடைசியாக எப்போது போட்டுப் பார்த்தீர்கள்?

"ஞாபகம் இல்லையே" என்பதுதான் பெரும்பாலோரின் பதிலாக இருக்கும். கேசட் இருக்கிறது, அதை ஓட்டுவதற்கு இயந்திரம் இல்லை. வீட்டில் இருந்த வீடியோ எப்போதோ பழுதாகி, பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. புதிதாக வாங்கவும் வழியில்லை. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு வீடியோ இயந்திரம் செய்வதை நிறுத்திக்கொண்டது.

ஆனால், அந்தக் கேசட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். நாம் பிறந்து வளர்ந்த லயத்து வீடுகள் பல இன்று இல்லை. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வீடுகள் நிற்கின்றன. பிரட்டுக்களமும், ஆயாக்கொட்டகையும், மாரியம்மன் கோயிலின் பழைய தகரக் கூரையும் அசைந்தும் பேசியும் மிஞ்சியிருப்பது அந்த நாடாவில் மட்டும்தான். புகைப்படத்தில் பாட்டியின் முகம் இருக்கும். அவர் குரல் இருக்காது.

என் தவறு

இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதி வந்ததே ஒரு தவறு செய்ததால்தான். என் அக்காளின் திருமணம் 1988இல் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அப்போது நான் சிறுவன். பட்டணத்திலிருந்து வீடியோக்காரர் பெரிய விளக்கோடு வந்ததும், அந்த விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளை விரட்டும் வேலை எனக்குக் கிடைத்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன. அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் நடப்பதையும் பேசுவதையும் காட்டும் படம் அந்த ஒரு கேசட்தான்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்குக் குடும்பமே கூடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய வீடியோவை எடுத்துத் தூசி தட்டினேன். உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கவில்லை. கேசட்டைத் தள்ளினேன். ஐந்து நிமிடம் படம் ஓடியது. அம்மா திருநீற்றுத் தட்டோடு அக்காளை நோக்கி வரும் கட்டத்தில் திரை முழுக்கக் கோடு விழுந்தது. 'கரக் கரக்' என்று ஒரு சத்தம். கேசட்டை வெளியே எடுத்தபோது நாடா சுருண்டு, கசங்கி, இயந்திரத்தின் வாயில் சிக்கியிருந்தது. ஏறக்குறைய பத்து வினாடிக் காட்சி பாழாயிற்று.

அக்காள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "போனது போகட்டும் தம்பி. மிச்சத்தையாவது காப்பாத்து" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

பிறகு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினேன். மூடப்பட்ட ஒரு புகைப்பட நிலையத்தில், திருமணப் படங்களைத் தொகுக்கப் பயன்பட்ட தொழில்முறை வீடியோ இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு அதை வாங்கினோம். வீட்டுக்கு ஒரு ஓட்டை இயந்திரம் தேடுவதைவிட, ஊருக்கு ஒரு நல்ல இயந்திரம் மேல் என்பது எங்கள் எண்ணம். அதை எப்படி நிறுவினோம், எப்படிப் பராமரிக்கிறோம் என்பதை இனிச் சொல்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது?

முதலில் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், பராமரிப்பு ஏன் தேவை என்பது தானாகவே விளங்கிவிடும்.

வீடியோ நாடா இயந்திரத்தை முதன்முதலில் வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம். ஆண்டு 1956. அதில் ஓடிய நாடாவின் அகலம் 2 அங்குலம். தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலை. அலமாரி போன்ற உருவம். சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1976இல், ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் வீட்டு வீடியோவைக் கொண்டுவந்தது. இதன் நாடா அரை அங்குல அகலம்தான், அதாவது 12.7 மில்லிமீட்டர். 1987இல் அதே நிறுவனம் எஸ்-வி.எச்.எஸ். என்னும் கூடுதல் தெளிவுள்ள வகையை வெளியிட்டது. திருமண வீடியோக்காரர்கள் பலர் இந்த வகையைத்தான் பயன்படுத்தினார்கள். இதில் நம் சாதாரண வி.எச்.எஸ். கேசட்டும் ஓடும்.

இயந்திரத்தின் உள்ளே, சற்றுச் சாய்வாக, பளபளவென்று ஓர் உலோக உருளை இருக்கும். அதன் குறுக்களவு 62 மில்லிமீட்டர். அதன் விளிம்பில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவில் 'ஹெட்'டுகள் பதிந்திருக்கும். நாடா வினாடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. உருளையோ நிமிடத்துக்கு 1,500 முறை சுழல்கிறது. நாடா அதைச் சாய்வாகச் சுற்றிச் செல்வதால், ஹெட் நாடாவின் மேல் சாய்கோடுகளாகப் படத்தை எழுதுகிறது. பிறகு அதே கோடுகளைப் படிக்கிறது. ஒரு கோட்டின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இத்தனை மெல்லிய கோட்டைப் படிக்கும் ஹெட்டில் ஒரு துளி அழுக்கு ஒட்டினால் போதும், படம் மறைந்துவிடும். பாதையில் பிசுக்கு இருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

எங்கே வைப்பது?

தட்டையான, ஆடாத மேசை வேண்டும். தொழில்முறை இயந்திரம் கனமானது. தூக்க இரண்டு பேர் வேண்டும். நான்கு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே உள்ள காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விலை உயர்ந்த பொருளைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைப்போம். இதை அங்கே வைக்க வேண்டாம். ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி ஆகியவற்றின் புகை ஹெட்டில் படியும். கொசுவர்த்திச் சுருளுக்கும் அடுப்படிக்கும் இதே விதிதான். கேசட் நுழையும் வாய் வழியாகப் பல்லியும் கரப்பானும் குடிபுகுவது உண்டு. எனவே, வேலை முடிந்து சூடு தணிந்த பிறகு ஓர் உறை போட்டு வையுங்கள்.

மின்சாரம் கொடுக்குமுன் இயந்திரத்தின் பின்புறத் தகட்டைப் படியுங்கள். நமக்கு வேண்டியது 220 முதல் 240 வோல்ட். 100 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி இல்லாமல் சொருகவே கூடாது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரம் என்றால், அதன் மின்சாரப் பகுதியில் உள்ள கண்டென்சர்கள் கெட்டிருக்கலாம். மின்சாதனம் பழுது பார்ப்பவர் ஒருவர் ஒருமுறை பார்த்தபின் சொருகுவது நல்லது. கருகிய வாடை வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே எடுத்துவிட வேண்டும்.

இணைப்பு கொடுப்பது

வீட்டு வீடியோவில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. தொழில்முறை இயந்திரத்தில் படத்துக்கு பி.என்.சி. என்னும் திருகிப் பூட்டும் துளை இருக்கும். அதைச் சாதாரண மஞ்சள் ஒயருடன் சேர்க்க ஒரு சிறிய மாற்றுமுனை போதும். மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். எஸ்-வீடியோ என்னும் நான்கு முள் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வண்ணமும் வெளிச்சமும் தனித்தனியே செல்வதால் படம் தெளிவாக இருக்கும்.

இயந்திரத்தைப் போட்டதும் எங்களுக்கு வந்த முதல் சோதனை, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது அசையவில்லை என்பதே. ஏமாந்துவிட்டோம் என்றுகூடச் சிலர் பேசத் தொடங்கினார்கள். பார்த்தால், முன்பக்கத்தில் 'லோக்கல்', 'ரிமோட்' என்று ஒரு சிறு சுவிட்ச். அது ரிமோட் பக்கம் இருந்தது. தொகுப்பு நிலையங்களில் இந்த இயந்திரங்களை வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியால் இயக்குவார்கள். அப்போது முன்பக்கப் பொத்தான்கள் வேலை செய்யா. சுவிட்சை லோக்கல் பக்கம் தள்ளியதும் உயிர் வந்தது.

அடுத்து, வண்ண முறை. மலேசியா, சிங்கப்பூர் மட்டுமின்றி, இந்தியாவிலும் இலங்கையிலும் பதிவானவை 'பால்' முறை கேசட்டுகள். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருந்து உறவினர் அனுப்பியது என்றால் 'என்.டி.எஸ்.சி.' முறையாக இருக்கும். இயந்திரத்தில் இதற்கென்று சுவிட்ச் இருந்தால் சரியான பக்கம் வையுங்கள்.

சில தொழில்முறை இயந்திரங்களில் 'டைம் பேஸ் கரெக்டர்' என்னும் அமைப்பு உண்டு. பழைய நாடா நீண்டும் சுருங்கியும் இருப்பதால் படத்தின் ஓரங்கள் நெளியும். அந்த நெளிவை நேராக்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

முதலில் சுத்தம், பிறகு கேசட்

இதுதான் தலையாய விதி. என்னைப் போல் அவசரப்படாதீர்கள். பதறாத காரியம் சிதறாது.

வேண்டியவை: 99 விழுக்காடு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் ஒரு சிறு புட்டி, வீடியோ ஹெட் துடைக்கும் மான்தோல் குச்சி, அது கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளை எழுதுதாள், ஒரு கைவிளக்கு. காயம் துடைக்கும் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருப்பதால் அது வேண்டாம். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்து, மேல் மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். மின்சாரம் நுழையும் பகுதியில் கை வைக்காதீர்கள்; பிளக்கை எடுத்த பிறகும் அங்கே மின்சாரம் தங்கியிருக்கும்.

தாளை மடித்து ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கவாட்டில் மெதுவாக ஒட்டிப் பிடியுங்கள். தாளை அசைக்காமல், மறு கையால் உருளையின் மேற்புறத்தைப் பிடித்து நான்கைந்து சுற்று மெல்லச் சுழற்றுங்கள். தாளில் கறுப்பு ஒட்டியிருக்கும். கறுப்பு வராதவரை புதுத் தாள் மாற்றித் துடையுங்கள். மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்கக்கூடாது, ஹெட் உடைந்துவிடும். உருளையைத் துடைக்கக் காதுக்குடையும் பஞ்சுக் குச்சியும் ஆகாது. பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டினால் ஹெட் போயிற்று.

நாடா செல்லும் வழியில் உள்ள கம்பங்களையும், ஒலி படிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் எஃகுத் தண்டையும் பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். தண்டோடு ஒட்டி நிற்கும் ரப்பர் உருளையை மட்டும் லேசாக நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வறண்டு வெடிக்கும். ரப்பர் பளபளவென்று இறுகியிருந்தாலோ, பெல்ட் தொய்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும். என் வீட்டு இயந்திரத்தில் அந்த ரப்பர் கல்லாக இறுகியிருந்தது என்பதைப் பிறகுதான் கண்டேன்.

இரண்டு எச்சரிக்கைகள். கம்பங்களின் தலையில் உள்ள திருகுகளைத் தொடாதீர்கள். ஒரு சுற்றுத் திருகினாலும் நாடா செல்லும் பாதை மாறிவிடும். தையல் இயந்திர எண்ணெயை விட்டால் நன்றாக ஓடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கால் மணி நேரம் காயவிட்டு, நாடாப் பாதை நன்கு உலர்ந்ததும் மூடியைத் திருகிப் பூட்டிவிட்டு, யாருக்கும் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓட்டுங்கள், நிறுத்துங்கள், முன்னும் பின்னும் சுற்றுங்கள். வெளியே எடுத்து நாடாவின் ஓரம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஒரு மணி நேரம் பழுதில்லாமல் ஓடிய பிறகே கல்யாண கேசட்டுக்கு முறை வர வேண்டும்.

கேசட்டையும் சோதியுங்கள்

கேசட்டின் கண்ணாடி வழியே கைவிளக்கு அடித்துப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளைப் புள்ளிகளோ, மாவு தூவியது போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரக் காற்றில் இது சாதாரணம். அதை இயந்திரத்தில் போடாதீர்கள். போட்டால் நாடாவும் கெடும், இயந்திரமும் கெடும், அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் தொற்றும். மூச்சுக்கும் அது நல்லதல்ல. பிளாஸ்டிக் பையில் தனியே கட்டி வைத்து, இத்தொழிலில் பழகியவரிடம் கொடுங்கள்.

பூஞ்சணம் இல்லை, ஈரவாடை மட்டும் அடிக்கிறது என்றால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓரிரு வாரம் வையுங்கள். வெயிலில் காயப்போடக்கூடாது, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டக்கூடாது. கேசட்டின் அடிப்புறத்தில் நடுவே ஒரு சிறு துளை இருக்கும். அதில் பென்சில் முனையை அழுத்திக்கொண்டு சக்கரத்தை விரலால் லேசாகச் சுற்றிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும்.

கேசட்டின் முதுகு ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் இதழ் ஒன்று இருக்கும். அது உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். யாராவது தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

குளிர்சாதன அறையிலிருந்து வெப்பமான இடத்துக்கு இயந்திரத்தைக் கொண்டுவந்தால், உருளையின் மேல் பனி போல் ஈரம் படியும். 'டியூ' என்று விளக்கு எரிந்து இயந்திரம் நின்றுவிடும். அது பழுதல்ல, பாதுகாப்பு. கேசட்டை உள்ளே போடாமல், மின்சாரத்தைப் போட்டபடி ஓரிரு மணி நேரம் விட்டால் சரியாகிவிடும்.

படத்தின் மேலோ கீழோ புள்ளிக் கோடுகள் ஓடினால் 'டிராக்கிங்' குமிழை மெல்லத் திருப்புங்கள். அப்போதும் போகாமல் படம் முழுக்க மணல் கொட்டினாற்போல் இருந்தால், ஹெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தித் துடையுங்கள்.

ஒருமுறை ஓடும்போதே பிரதி எடுங்கள்

பழைய நாடா எத்தனை முறை ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே முதல் ஓட்டத்திலேயே பிரதி எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தின் ஒயர்களைத் தொலைக்காட்சிக்குப் பதிலாக, கணினியின் யூ.எஸ்.பி. துளையில் சேரும் ஒளிப்பதிவுப் பெட்டிக்குக் கொடுத்தால், படம் கணினியில் பதிவாகும். மூன்று மணி நேர கேசட்டுக்கு மூன்று மணி நேரமும் ஆகும். குறுக்கு வழி கிடையாது. டிவிடி தரத்தில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பிரதியை இரண்டு இடங்களில், இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். பிரதி எடுத்தாயிற்று என்று கேசட்டைத் தூக்கி எறியாதீர்கள். முழுவதும் சுற்றி, புத்தகம் போல் நிமிர்த்தி, ஒலிபெருக்கிக்கு அருகில் இல்லாமல் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எங்கள் இயந்திரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். எந்த நாள், யார் வீட்டுக் கேசட், எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது துடைத்தோம் என்று எழுதுகிறோம். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் பாதையைக் கைவிளக்கு அடித்துப் பார்க்கிறோம். கேசட் வராத மாதத்திலும் ஒருமுறை இயந்திரத்தை ஓட்டி வைக்கிறோம். இந்த வேலையை ஆறாம் ஆண்டு முடித்துப் போன பழைய மாணவர்கள் சிலர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா காலத்துப் பொருளைப் பேரப்பிள்ளைகள் துடைப்பதைப் பார்க்கப் பெரியவர்களுக்கும் மகிழ்ச்சி.

என் அக்காளின் கேசட்? கசங்கிய பகுதியை வெட்டி, நாடா ஒட்டும் தனிப் பட்டையால் பழகியவர் ஒருவர் ஒட்டிக் கொடுத்தார். மிச்சம் முழுவதும் பிரதியாகிவிட்டது. அம்மா தட்டோடு வருகிறார். திரை ஒரு கணம் வெட்டி இழுக்கிறது. அக்காளின் நெற்றியில் திருநீறு இருக்கிறது. இட்ட கை மட்டும் இல்லை. அக்காள் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒன்றும் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் வெட்டுப்படக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து கேசட்டை எடுங்கள். போட்டுப் பார்க்க அல்ல. கைவிளக்கு அடித்துப் பார்க்க. பிறகு பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். நாலு வீட்டில் நாலு கேசட் இருந்தால், ஊருக்கு ஓர் இயந்திரம் தேடுவது பெரிய காரியமல்ல.